நைலான் மன்னிக்கும்

நவம்பர் 9, ஞாயிறு

காலையிலிருந்து மழை. ஷெட்டில் ஒழுகும் இடத்தில் வாளியை வைத்துவிட்டு, பெட்டியை ஜாக்கியில் தூக்கிப் பின்சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தேன். டயர் இரண்டும் போய்விட்டது. ஒன்றில் ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கும் நூல் பல்லைக் காட்டுகிறது. இன்னொன்றில் பக்கவாட்டில் நல்ல வெடிப்பு. இதைப் போட்டுக்கொண்டு காய்கறிக் கடைக்குக்கூடப் போக முடியாது, பந்தயத்துக்கு எங்கே போவது.

பெட்டி என்பது எங்கள் காருக்கு நாங்கள் வைத்த பெயர். பழைய, நீளமான, பின்சக்கரத்தில் ஓடுகிற கார். டிராக் ரேஸுக்காகவே மாற்றிக் கட்டியது. நேர்கோட்டில் கால் மைல் ஓட வேண்டும், வளைவு கிடையாது, இழுத்த மூச்சை விடுவதற்குள் முடிந்துவிடும். ஓட்டுவது நான். செட்டிங் எல்லாம் அவர். கல்யாணமான அடுத்த வருடத்திலிருந்து இப்படித்தான். சொந்தக்காரர்கள் ஒருவருக்கும் இது பிடிக்கவில்லை. அதில் எங்கள் இருவருக்கும் ஒரு தனி சந்தோஷம் இருந்தது.

ஆகஸ்டில் அவர் பெங்களூருக்குப் போனார். அங்கே ஒரு பந்தய கேரேஜில் ஒரு சீசனுக்கு மட்டும் வேலை. போகும்போது ஒரு பேச்சைப் பேசிவிட்டுப் போனார். "தை மாசப் பந்தயத்துல எட்டு வண்டிக்குள்ள வந்துட்டா பெட்டிய வெச்சுக்கலாம் வாணி. இல்லீனா கோபிக்காரருக்குக் குடுத்தரலாம். சும்மா நின்னு துருப்பிடிக்கறதுக்கு எதுக்கு?"

கோபிக்காரர் வெகு நாளாகப் பெட்டியை விலைக்குக் கேட்டுக்கொண்டிருப்பவர். நான் சரி என்றேன். வண்டி இருந்தால் அவருக்கு இங்கே வேலை இருக்கும். வேலை இருந்தால் வருவார். என் கணக்கு அவ்வளவுதான்.

உக்கடத்தில் டயர் கடை வைத்திருக்கும் நிஜாம் பாய்க்குப் போன் செய்தேன். வெளிநாட்டிலிருந்து வருகிற சரக்கோடு ஒரு ஜோடி சேர்த்து எடுத்துத் தருவாராம். நைலானா, ரேடியலா என்று அடுத்த வாரத்துக்குள் சொல்ல வேண்டும். ஒரு ஜோடிதான், மாற்றிக்கொள்ள முடியாது.

அவருக்கு மெசேஜ் போட்டேன். போய்ச் சேர்ந்துவிட்டது, இன்னும் பார்க்கவில்லை. வேலையாக இருப்பார்.

நவம்பர் 11, செவ்வாய்

பதில் இல்லை.

ஒருத்திக்காக மாவு அரைக்க எங்கள் கிரைண்டருக்குத் தெரியாது. குறைந்தது நாலு பேருக்காவது அரைத்துவிட்டுத்தான் நிற்கிறது. மூன்று நாளாக இட்லி, தோசை, பிறகு புளித்த தோசை. மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா தெய்வானையக்கா கீரைக் கடைசலோடு வந்து கேட்டில் நின்றார். "தம்பி எப்பக் கண்ணு வருது?" என்றார். அடுத்த மாதம் என்றேன். போன மாதமும் இதையே கேட்டார், நானும் இதையேதான் சொன்னேன்.

நவம்பர் 14, வெள்ளி

பம்ப் கம்பெனியில் எனக்கு டெஸ்டிங் செக்‌ஷன். மோட்டாரை ஓடவிட்டு, சத்தத்தையும் சூட்டையும் பார்த்து, பாஸா ஃபெயிலா என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறேன். ஒரு ஜோடி டயருக்கு மட்டும் முடிவு சொல்லத் தெரியவில்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டு நிஜாம் பாய் கடைக்குப் போனேன்.

"ரேடியல் போடுங்க தங்கச்சி. இப்ப எல்லாரும் அதுதான். நைலான் லாரிக்காரன் கேக்கறது."

"அவரு எப்பவும் நைலான்தானுங்க பாய்."

"அவரு சொல்வாரு. ஓட்டறது நீங்கதான?"

புத்தகத்தில் பயாஸ் என்று போட்டிருக்கும், இங்கே எல்லோருக்கும் அது நைலான். உள்ளே நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பக்கச் சுவர் மெத்தென்று இருக்கும். கிளட்ச்சைப் பட்டென்று விட்டுக் கிளம்பும்போது அந்தச் சுவர் சேலைக் கொசுவம் மாதிரி மடிந்து, அடியை வாங்கிக்கொண்டு, பிறகு வண்டியைத் தள்ளும். தரை மோசமாக இருந்தாலும் சமாளிக்கும். டயர் பிடியில்லாமல் சுற்றிவிட்டால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுத்தால் போதும், திரும்பப் பிடித்துக்கொள்ளும். கடைசிப் பகுதியில், நல்ல வேகத்தில், வண்டி கொஞ்சம் ஆடும். அதுதான் குறை.

ரேடியலில் சுவர் விறைப்பு. கடைசிவரை ஆடாமல் நூல் பிடித்த மாதிரி போகும், வேகமும் கூடுதல். ஆனால் கிளம்பும்போது பாரத்தை மெதுவாக வைக்க வேண்டும். ஒரு தடவை பிடி விட்டுப் போனால் போனதுதான். "நைலான் மன்னிக்கும் வாணி, ரேடியல் மன்னிக்காது" என்று அவர் பத்து வருடமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இந்த விஷயத்தில் மற்ற டீம்காரர்களோடு சண்டை போட்டு, ஒரு தடவை சாப்பாட்டுப் பந்தியிலிருந்தே எழுந்து போனவர் அவர்.

நைலானில் இன்னொன்று இருக்கிறது. கொசுவம் எப்படி விழுகிறது என்று பின்னால் ஒருவர் குந்தி உட்கார்ந்து பார்க்க வேண்டும். மடிப்பு அதிகமென்றால் காற்று ஏற்ற வேண்டும், குறைவென்றால் இறக்க வேண்டும். ஓட்டுகிறவருக்கு அது தெரியாது. ஒரு தடவை போனைப் பின்னால் நிறுத்தி வைத்து வீடியோ எடுத்துப் பார்த்தேன், புகைதான் தெரிந்தது. இத்தனை வருடத்தில் என் டயர் மடிவதை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவர் பார்ப்பார், எனக்குச் சொல்வார், நான் நம்புவேன்.

பெட்டியின் பின்பக்கம் முழுக்க நைலானுக்கென்று அவர் வைத்த செட்டிங். ரேடியல் போட்டால் அதையெல்லாம் கழற்றிவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். பாயிடம் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

அவரே போன் செய்தார். கை ஈரத்தைத் துடைக்காமலேயே எடுத்தேன்.

காஸ் கனெக்‌ஷன் இன்னும் அவர் பெயரில் இருக்கிறதாம். அதை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார். "ஒவ்வொரு தடவையும் ஓடிபி எனக்கு வருது, உனக்குத்தான் சிரமம்" என்றார். யோசித்தால் நல்ல யோசனைதான். சிலிண்டர்காரன் வாசலில் நிற்க, நான் பெங்களூருக்குப் போன் போட்டுக்கொண்டு நிற்பது கூத்தாகத்தான் இருக்கிறது.

"டயர் மெசேஜ் பாத்தீங்களா? நைலானா ரேடியலா?"

"உன் இஷ்டம் வாணி."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நீதான ஓட்டற. எது சரின்னு படுதோ போடு."

பந்தியிலிருந்து எழுந்து போன மனுஷன் என் இஷ்டம் என்கிறார். தலைவலியாக இருக்கும். பெங்களூர்க் குளிர் அவருக்கு ஆகாது.

நவம்பர் 18, செவ்வாய்

பாய் கடையில் பேச்சுவாக்கில் தெரிந்தது.

"நம்ம குமரேசன் தம்பியே இப்ப மாறிட்டாருங்களே. பெங்களூர் டீமுக்கு ரேடியல் எடுத்துக் குடுங்கன்னு அவருதான் பேசினாரு. உங்ககிட்டச் சொல்லலியா?"

"சொன்னாருங்க" என்றேன். பொய் சொன்னால் என் காது சூடாகும். பாய் டயர் அடுக்கைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், நல்ல மனிதர்.

கொஞ்ச நேரம் கோபமாக இருந்தது. பஸ்ஸில் வரும்போது வேறு மாதிரி தோன்றியது. அவர் ரேடியலுக்கு மாறியிருக்கிறார். நானும் ரேடியல் போட்டு வைத்திருந்தால், வரும்போது அவருக்கு அது பிடிக்கும். புதிதாகச் செட்டிங் வைக்க வேண்டியிருக்கும், அதற்காகவாவது இரண்டு மூன்று வாரம் இருப்பார். வீட்டுக்கு வந்ததும் பாய்க்குப் போன் செய்து ரேடியல் என்றேன். யாரோ தூக்கிவிட்ட மாதிரி இருந்தது. வெகு நாளைக்குப் பிறகு ரசம் வைத்துச் சாப்பிட்டேன்.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். வாசலில் இரண்டு விளக்கு, ஷெட்டில் ஒன்று. பெட்ரோல் இருக்கிற இடத்தில் விளக்கு வைத்ததற்கு அவர் இருந்திருந்தால் திட்டியிருப்பார்.

டிசம்பர் 9, செவ்வாய்

டயர் வந்துவிட்டது. நல்ல வாசனை. கடையில் ரிம்மில் ஏற்றி வாங்கி வந்து நானே மாட்டினேன்.

செட்டிங்கைத் தொடவில்லை. பின் அச்சைப் பிடித்திருக்கும் கம்பிகளுக்கு மேல், நடு, கீழ் என்று மூன்று ஓட்டைகள் உண்டு. மேலே போட்டால் கிளம்பும்போது டயரைத் தரையில் ஓங்கி அமுக்கும், கீழே போட்டால் மெதுவாக அமுக்கும். அவர் நைலானுக்காக மேலே போட்டிருக்கிறார். ஒவ்வொரு நட்டின் மேலும் போல்ட்டோடு சேர்த்து ஒரு சிவப்புக் கோடு, என் நகப்பூச்சால் இழுத்தது. நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். எந்தக் கோடும் விலகவில்லை. அவ்வளவு ஒழுங்காக இருப்பதை எதற்குக் கலைப்பது? வந்ததும் அவரே பார்த்து மாற்றட்டும். அதுவரை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம்.

டிசம்பர் 14, ஞாயிறு

கழுத்தில் வெந்நீர்த் துணியைச் சுற்றிக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக வரும்.

திருப்பூர்ப் பக்கம் இருக்கிற பழைய விமான ஓடுதளத்தில் இன்று எல்லோருக்கும் பயிற்சி. பொள்ளாச்சி பெலிக்ஸ் வந்திருந்தார். ஏழெட்டு வருடமாக எங்களுக்கு எதிராக ஓட்டுகிறவர். தனியாக வந்திருக்கிறேன் என்று பார்த்ததும், "நான் பின்னால நிக்கட்டுங்களா சிஸ்டர்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அது என் வீட்டுக்காரர் நிற்கிற இடம்.

முதல் ஓட்டம் மெதுவாக, ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் பழக்க தோஷத்தில் கிளட்ச்சைப் பட்டென்று விட்டேன். கம்பி டயரை ஓங்கி அடித்தது. ஒரு நொடி பிடித்து, அப்படியே விட்டுவிட்டது. காலை எடுத்தேன். நைலானாக இருந்தால் அங்கே பிடித்திருக்கும். இது பிடிக்கவே இல்லை. பெட்டி பக்கவாட்டில் திரும்பி, ஓரத்தில் மணல் மூட்டை அடுக்கியிருந்த பக்கம் போயிற்று. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினேன் என்று இப்போது ஞாபகமில்லை. மூட்டைகளுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது.

பெலிக்ஸ்தான் முதலில் ஓடி வந்தார். நான் நன்றாக இருக்கிறேன் என்று தெரிந்த பிறகு குனிந்து அடியில் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"என்னங்க சிஸ்டர், ரேடியலைப் போட்டுட்டு நைலான் செட்டிங்லயே ஓட்டறீங்க? சாகறதுக்கா?"

"மறந்துட்டனுங்க" என்றேன்.

"நீங்களா மறந்தீங்க?" என்றார். பெட்டியை வாடகை ஜீப்பில் மாட்டியிருந்த டிரெய்லரில் ஏற்றிக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

டிசம்பர் 15, திங்கள்

கழுத்து திரும்பவில்லை. கம்பெனியில் குளியலறையில் வழுக்கிவிட்டதென்று சொன்னேன்.

டிசம்பர் 17, புதன்

பெலிக்ஸ் போன் செய்தார். அவரிடம் ஒரு ஜோடி நைலான் இருக்கிறதாம். ஓடியதுதான், ஆனாலும் ஒரு பந்தயம் தாங்கும். எடுத்துக்கொள்ளச் சொன்னார். "உங்க செட்டிங் அப்படியே இருக்கட்டும். டயரை மட்டும் மாத்துங்க. இல்லீனா ரேடியலே போடுங்க, ஆனா கீழ எல்லாத்தையும் மாத்திடுங்க. ரெண்டுங்கெட்டானா மட்டும் ஓட்டாதீங்க."

ஆக, மறுபடியும் அதே கேள்விதான். நைலான் போட்டால் அவர் வைத்தது வைத்தபடி இருக்கும், மடிப்பைப் பார்க்க மட்டும் ஆள் வேண்டும். ரேடியல் என்றால் சிவப்புக் கோடுகளையெல்லாம் உடைக்க வேண்டும். நாலு நாள் டைம் கேட்டிருக்கிறேன். பெலிக்ஸ் நைலானையே வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இந்த நிமிடம்வரை இருக்கிறேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

காலையில் அவருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அடி பட்டதா என்று கேட்டார். கழுத்துக்கு டாக்டரைப் பார்க்கச் சொன்னார். நன்றாக ஓய்வெடுக்கச் சொன்னார். எல்லாம் பொறுமையாக, அழகாகச் சொன்னார்.

திட்டவே இல்லை. நைலான் செட்டிங்கில் ரேடியல் போட்டு ஓட்டினேன் என்று சொல்கிறேன், திட்டவில்லை. ஸ்பேனரைத் தப்பான ஆணியில் மாட்டியதற்கு ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்த மனுஷன். பக்கத்து வீட்டு அம்மா கீழே விழுந்தால் நாம் இப்படித்தான் பேசுவோம்.

"உனக்குச் சிரமமா இருந்தா இப்பவே கோபிக்காரருக்குக் குடுத்தரலாம் வாணி. நீ இவ்வளவு ரிஸ்க் எடுக்க வேண்டியதில்ல" என்றார். பின்னால் யாரோ அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. ஷெட்டுக்குப் போய் வண்டிக்கு அடியில் படுத்தேன். முதல் நட்டு வர மறுத்தது. ஸ்பேனர் மேல் காலை வைத்து மிதித்தேன். சிவப்புக் கோடு தூளாகிக் கண்ணில் விழுந்தது. அதைச் சாக்கிட்டு நன்றாக அழுதேன். பிறகு மற்றதையும் கழற்றினேன். கம்பி இரண்டையும் கீழ் ஓட்டைக்கு இறக்கினேன். ஷாக் அப்சார்பரை இறுக்கினேன். சரியா தப்பா என்று கேட்க யாரும் இல்லை. சாயங்காலம் பெலிக்ஸுக்கு நைலான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 4, ஞாயிறு

மறுபடி ஓடுதளம். பயந்துகொண்டேதான் போனேன். கிளட்ச்சைக் கொஞ்சம் வழுக்கவிட்டுக் கிளம்பினால் பிடிக்கிறது. ஐந்தாறு தடவை ஓட்டினேன். ஒவ்வொரு தடவைக்கும் காற்றைக் கொஞ்சம் மாற்றி, கம்பெனியில் மோட்டாருக்குச் செய்வதைப் போலவே குறித்துக்கொண்டேன். கடைசிப் பகுதியில் பெட்டி ஆடவே இல்லை. இத்தனை வருடமாக அந்த ஆட்டத்துக்காகவே கையை இறுக்கிப் பிடித்துப் பழகியிருக்கிறேன். இன்று பிடிக்கத் தேவையில்லாமல் கை சும்மா கிடந்தது. நன்றாக இருந்தது. அதைச் சொல்ல யாராவது இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அவரிடமிருந்து கரும்பும் பானையும் போட்ட படம் வந்தது. மேலே 'பலமுறை பகிரப்பட்டது' என்று இருந்தது. நானும் ஒரு படத்தை அனுப்பினேன். தெய்வானையக்கா கேட்டதற்கு, பந்தயத்துக்கு வந்துவிடுவார் என்றேன். அது பொய்யில்லை, பெங்களூர் டீம் வருகிறது.

ஜனவரி 24, சனி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். ஓடுதளத்துக்குப் பக்கத்தில் ஊரில் ஒரு லாட்ஜ் அறை. கொசு.

தகுதிச் சுற்றில் ஆளுக்கு இரண்டு ஓட்டம். நல்லதை எடுத்துக்கொள்வார்கள். முதல் எட்டு வண்டிகள் நாளைக்கு. வண்டியைக் கிளம்பும் கோட்டில் நேராக நிறுத்தப் பின்னால் ஒருவர் நின்றே ஆக வேண்டும் என்பது விதி. பெலிக்ஸைக் கேட்டேன். போன தடவை வேண்டாம் என்றவள்தான். உடனே வந்து நின்றார்.

முதல் ஓட்டத்தில் பதற்றம். கிளட்ச் வேகமாக விட்டுப்போய், டயர் சுற்றி, நான் காலை எடுத்து உருட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். பட்டியலில் கடைசிக்கு முந்தி. கோபிக்காரரின் முகம் நினைவுக்கு வந்தது.

திரும்பி வந்தபோது அவர் எங்கள் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். பெங்களூர் டீம் ஜாக்கெட், முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறார். மெலிந்திருக்கிறார். நான் கேட்பதற்கு முன்னால் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"எல்லாத்தையும் கழட்டிட்டியா?"

"ஆமாங்க."

"கீழ் ஓட்டையா?"

"ஆமாங்க."

"யாரு வெச்சுக் குடுத்தது? பெலிக்ஸா?"

"நான்தானுங்க."

அவர் டயரைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். "காத்தைக் கொஞ்சம் இறக்கிப் பாக்கறியா?" என்றார்.

"வேண்டாமுங்க. காத்து சரியாத்தான் இருக்குது. நான்தான் கிளட்ச்சை அவசரப்பட்டு விட்டுட்டேன்."

விரலை டயரிலிருந்து எடுத்துக்கொண்டார். "அதுவும் சரிதான்" என்றார். அந்தப் பக்கம் பெங்களூர்க் கூடாரத்திலிருந்து ஒரு பெண் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். லேப்டாப்பில் வண்டியின் கணக்குகளைப் பார்க்கிறவளாம். அவர் போனதும் தண்ணீர் பாட்டிலை மூடி திறந்து நீட்டினாள். அவர் பார்க்காமலேயே கை நீட்டி வாங்கிக்கொண்டார். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

இரண்டாவது ஓட்டம் சரியாக வந்தது. கிளம்பினது, பிடித்தது, நேராகப் போனது, அவ்வளவுதான். ஏழாவது இடம்.

பெலிக்ஸ் குதித்தார். நிஜமாகவே குதித்தார், அந்த உடம்பை வைத்துக்கொண்டு. நான் சிரித்துக்கொண்டே இறங்கும்போது பெங்களூர்க் கூடாரத்திலிருந்து அவர் வந்தார். முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது, அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

"பிரமாதம் வாணி. பேச்சுன்னா பேச்சு. கோபிக்காரர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன். பெட்டி இனி உன்னோடது. பேர் மாத்தறதுக்கு எங்க கையெழுத்துப் போடோணும்னு சொல்லு, போட்டுத் தர்றேன். எனக்கு அதுல ஒண்ணும் வேண்டாம்."

என் வாயில் இத்தனை மாதமாக இருந்தது வெளியே வந்துவிட்டது. "செட்டிங் பாக்கறதுக்கு எப்பங்க வருவீங்க?"

அவர் கொஞ்சம் தயங்கினார். கோபமோ எரிச்சலோ இல்லை. எனக்குப் புரிய வைக்க வேண்டுமே என்கிற கவலைதான் தெரிந்தது.

"இதுக்கு மேல நான் எதுக்கு வாணி? அதுதான் எல்லாம் நீயே பண்ணீட்டியே."

எட்டுக்குள் வந்தால் அவர் வருவார் என்று நினைத்திருந்தேன். எட்டுக்குள் வந்துவிட்டேன். அவருக்கு இனி என்னைப் பற்றிக் கவலை இல்லை. நிம்மதியாக நடந்து போனார்.

ஜனவரி 25, ஞாயிறு

முதல் மோதலிலேயே எனக்கு எதிராகப் பெங்களூர் வண்டி. குலுக்கிப் போட்டதில் அப்படி விழவில்லை, நேற்றைய இடங்களின்படி ஏழாவதுக்கு இரண்டாவது. அவர்கள் இரண்டாவது.

கோட்டில் இரண்டு வண்டியும் நின்றன. கண்ணாடியில் பார்த்தால் அவர் தெரிவார். பக்கத்து வண்டிக்குப் பின்னால், குந்தி உட்கார்ந்து, அந்த டயரில் கண் வைத்திருப்பார். கண்ணாடியை நான் காலையிலேயே மேலே திருப்பி வைத்துவிட்டேன். விளக்கை மட்டும் பார்த்தேன்.

நான் ஓட்டியதிலேயே அதுதான் நல்ல ஓட்டம். பாதி தூரம்வரை சமமாகப் போனோம். பிறகு அவர்களுடைய எஞ்சின் பெரியது, அதை ஒன்றும் செய்ய முடியாது. ஒரு பானட் நீளத்தில் தோற்றேன்.

அவர்கள் கத்திக்கொண்டு கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவர் என் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். பெலிக்ஸ் டிரெய்லரில் ஏற்றிக் கட்டும்போது, "வீடு வரைக்கும் கூட வரட்டுங்களா சிஸ்டர்?" என்று கேட்டார். வேண்டாமுங்க, வண்டி ஓட்ட எனக்குத் தெரியும் என்றேன். அவர் சிரித்தார். நான் சொன்னது கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது.

அவிநாசி தாண்டி ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். தோற்றதற்காக இல்லை. எனக்கு அவர் வேண்டும், அதுதான். காரைக் காப்பாற்றுகிறேன் என்று ஊர் முழுக்க நினைக்கும்படி செய்துவிட்டு, நான் காப்பாற்றப் பார்த்தது எதை என்று எனக்குத் தெரியும். இதை இவ்வளவு நாளாக இங்கேகூட எழுதவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

நேற்று குடியரசு தின லீவு, முழுக்கத் தூங்கினேன். இன்று வேலைக்குப் போய் வந்து கதவைத் திறக்கும்போது தெய்வானையக்கா பருப்புக் குழம்போடு வந்தார். வழக்கம்போலக் கேட்டில் நின்றுகொண்டே, "பந்தயம் எப்படிக் கண்ணு?" என்றார்.

"தோத்துட்டனுங்க்கா. ஆனா வண்டி எங்கிட்டயே நின்னுடுச்சு, விக்க வேண்டியதில்ல."

"தம்பி வந்துச்சா?"

"வந்தாருங்க்கா." மூச்சை இழுத்துக்கொண்டேன். "இனி இங்க வரமாட்டாருங்க. நாங்க பிரிஞ்சுட்டோம்."

அக்கா அதிர்ச்சி அடைவார், சாமி பெயரைச் சொல்வார், யாருக்காவது போன் போடச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கிண்ணத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"தெரியும் கண்ணு. தீபாவளிக்கு வராதப்பவே தெரியும்."

"அப்புறம் ஏனுங்க்கா எப்ப வருது எப்ப வருதுன்னு கேட்டுட்டே இருந்தீங்க?"

"வேறெப்படிக் கேக்கறது? நீயாச் சொல்லோணுமல்ல."

நான் போய்க் கேட்டைத் திறந்துவிட்டேன். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, என் சமையலறையில் தட்டு எங்கே இருக்கிறது என்று தேடினார். இருவரும் சாப்பிட்டோம். எட்டு மணி சீரியலையும் விட்டுவிட்டு இருந்துவிட்டுத்தான் போனார்.